பெயர் வெட்டாத பாத்திரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பாத்திரக் கடையில். விழுப்புரம் கடைத்தெருவில். நான் பி.ஏ. தேறிய செய்தி வந்த வாரமே அம்மா என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்குப் பரிசு புத்தகம் இல்லை, பேனா இல்லை. கல்யாணத்துக்குச் சேர்த்துவைக்க ஓர் எவர்சில்வர் குடம். வந்த கோபத்தில் கடைக்காரர் காட்டிய எல்லாக் குடத்தையும் சொட்டை என்று சொன்னேன். கடைசியில் அம்மாவே ஒன்றை எடுத்தாள். கடைக்காரர் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு, பாப்பா பேரைச் சொல்லுங்க, சும்மாவே வெட்டித் தர்றேன் என்றார்.

அம்மா குடத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"பேரு வேணாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்திலும் பெயர் இல்லை. எங்கள் தெருவிலேயே எந்தப் பாத்திரத்திலும் பெயர் இல்லை. விசேஷ வீட்டுக்கு இரவல் போன அண்டா எது யாருடையது என்று தெரியாமல் மறுநாள் சண்டை நடக்கும். மண்டை உடையும். அப்படியும் யாரும் பெயர் வெட்டமாட்டார்கள். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திண்டிவனம் போகிற பஸ்ஸில் கேட்டேன். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சொல்ல ஆரம்பித்தாள். இறங்கி நடக்கும்போதும் சொல்லி முடியவில்லை. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். பாதி அவள் சொன்னது, பாதி நான் இட்டுக்கட்டியது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்ட இடத்தில் என்னை நம்பவேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் ஆண்டு, ஆனி மாதம், பிரான்சு வீழ்ந்தது. அந்த ஓசை திண்டிவனம் வரை—'

கேட்கவில்லை. திண்டிவனத்தில் யாருக்கும் எந்த ஓசையும் கேட்கவில்லை. இப்படி ஆரம்பித்தால் கதை பிரான்சைப் பற்றியதாகிவிடும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

'செண்பகத்தின் கண்கள்—'

செண்பகம் என் பெரியம்மா. அம்மாவின் அக்கா. அவளுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். கதைக்காக அதை மறைக்கவேண்டுமா, கதைக்காகவே அதைக் காட்டவேண்டுமா என்று யோசித்தபோதே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் நான் எழுதியதல்ல. 'நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாத பொருள்கள் எல்லை தாண்டாமல் அரசு தடுப்பதன் அவசியத்தை விளக்குக.' இது பரீட்சைக் கேள்வி. நான் பொருளாதாரம் படித்தவள். மூன்று பக்கம் எழுதினேன். செம்பு, பித்தளை, ரப்பர், எண்ணெய். இவை பகைவன் கைக்குப் போனால் நம்மேலேயே குண்டாகத் திரும்பி வரும், ஆகவே யுத்த காலத்தில் கட்டுப்பாடு நியாயம், மக்கள் சிறு இன்னல்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்ல மார்க்கு போட்டார்கள். 'சிறு இன்னல்கள்' என்று நானே, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். குடம் என்ற சொல் அந்த மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரனுடையது. எங்கள் ஊர் வெள்ளைக்காரனுடையது. நடுவில் ரோட்டில் ஒரு சுங்கச் சாவடி. பிரான்சு விழுந்ததும், புதுச்சேரி இனிமேல் யார் பக்கம் என்று சில வாரங்களுக்கு யாருக்கும் நிச்சயமில்லை. முந்தாநாள் வரை கூட்டாளி, இன்றைக்குச் சந்தேகம். அந்த இடைவெளியில்தான் எங்கள் பித்தளை மாட்டிக்கொண்டது.

[உலோகத் தடை உத்தரவின் வாசகம் என்னிடம் இல்லை. தேடவும் இல்லை. "ஒலோகம் போவக்கூடாதுன்னாங்க" என்று அம்மா சொன்னதுதான் என்னிடம் இருக்கும் சட்டம்.]

3

இனி பெரியப்பா. சவுரிராயன். விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சினுக்குக் கரி உடைத்துக் கொட்டுகிற வேலை. வாரம் ஒருமுறை ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து ஏரிக்கரையோடு நடந்து ஊருக்கு வருவார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே பெண், அம்சவள்ளி. யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு கோடையில் அவளுக்கு அம்மை போட்டது.

எங்கள் ஊரில் அம்மையில் போனவர்களுக்கு வாய்விட்டு அழமாட்டார்கள். கிறிஸ்து வேதக்காரர்களானாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாவு வீடு என்று வெளியே தெரியவேண்டுமானால் கோயில் மணி அடித்தால்தான் உண்டு. கோயிலில் பெரிய மணி ஒன்று இருந்தது. ஊர்த்தெருவில் யாராவது இறந்தால் கோயில்பிள்ளை கயிற்றைப் பிடிப்பார். விட்டுவிட்டு, நிதானமாக, ஏரிக்கு அந்தப் பக்கம் ஏர் ஓட்டுகிறவன் நின்று தலைத்துண்டை எடுக்கிறவரைக்கும் அடிப்பார். எங்கள் தெருவுக்கு அடிக்கமாட்டார். கோயில் ஒன்று, சாமி ஒன்று, ஞானஸ்நானத் தொட்டிகூட ஒன்றுதான். மணி மட்டும் இரண்டு: அவர்களுக்குப் பெரிய மணி, எங்களுக்குப் பூசையில் ஆட்டுகிற கைமணி. அம்சவள்ளி போன அதே வாரம் ஊர்த்தெருவில் அம்மையில் போன பிள்ளைக்குப் பெரிய மணி அடித்திருக்கிறார்கள்.

விடியற்காலை பிள்ளை போயிற்று. வெயில் ஏறுகிற நேரத்தில் பெரியப்பா ஏரிக்கரையில் வந்தார். அவருக்குத் தெரியாது. அழுகைச் சத்தம் இல்லை, மணிச் சத்தம் இல்லை. வாசலில் நாலு பேர் நிற்பதைப் பார்த்து, பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள், அம்மை இறங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார். கையில் விழுப்புரத்தில் வாங்கிய பொரி உருண்டை. குனிந்து உள்ளே நுழைந்து, சிரித்தபடி, "எங்க என் குட்டி?" என்று கேட்டாராம்.

இதற்குமேல் அம்மாவும் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

அதன்பிறகு அவர் பேசியதெல்லாம் அதைப்பற்றித்தான். பிள்ளை போனதைக்கூட ஏற்றுக்கொண்டார். சிரித்துக்கொண்டு வந்து நின்றதை அவரால் தாங்கமுடியவில்லை.

"ஒரு மணி அடிச்சிருந்தா ஏரிக்கரையிலேயே தெரிஞ்சிருக்கும்டி. அங்கயே ஒக்காந்து அழுதுட்டு வந்திருப்பேன். சிரிச்சிக்கினு வந்து நின்னேனே."

இதைப் பெரியம்மாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. பிறகு ஒருநாள், நம்ம தெருவுக்கு நாமே மணி போட்டுக்கலாம் என்றார். சிலுவை நிற்கிற குருசடி பக்கத்தில் இரண்டு பனைமரத் தூண் நட்டு, குறுக்கே ஓர் உத்திரம். கயிறு நம் கையில். யார் செத்தாலும் நாமே அடிக்கலாம். இனி நம் ஆள் ஒருத்தன்கூட சாவு வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு வரக்கூடாது.

அப்போதே அவருக்கு இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. கரித்தூள். மணியை முதலில் கேட்கப்போவது தானாக இருக்காது, தனக்காகத்தான் அது முதலில் அடிக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அவசரம்.

4

புதுச்சேரியில் கோயில் மணி வார்க்கிற கன்னார் ஒருவர் இருந்தார். செம்பும் பித்தளையும் கொண்டாங்க, வெள்ளீயம் நான் சேர்த்துக்கறேன் என்றார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. திண்டிவனத்துப் பக்கத்தில் அதைக் கேட்காத ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான் எல்லை தாண்ட வேண்டியதாயிற்று.

எங்கள் ஜனங்களிடம் பித்தளை ஏது என்று கேட்பீர்கள். கேழ்வரகுக் கூழ், எங்கள் பக்கத்தில் கேப்பைக் கூழ் என்போம், அதைக் காய்ச்சுவது மண்சட்டியில்தான். ஆனால் வீட்டுக்கு ஒரு பாத்திரம், தாய்வீட்டுச் சீராக வந்தது, மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும். ஒரு குடம், ஒரு சொம்பு. பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். படிக்கத் தெரியாத தெருவில் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் பாத்திரத்தின் வயிறுதான். அதையெல்லாம் ஆடி மாதம் ஒரு மத்தியானம் பெரியம்மா வீட்டு முன்னால் கொண்டுவந்து குவித்தார்கள்.

குவித்ததும் சண்டை வந்தது.

வண்டி ஓட்டுகிற மண்ணாங்கட்டியின் பெண்டாட்டி சின்னபொண்ணு கொண்டுவந்தது ஓர் அண்டா. எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் கொண்டுவந்தது ஒரு சொம்பு. என்னுடையது அண்டா, அதனால் எங்கள் வீட்டு ஆளுக்குக் கூடுதலாக நாலு அடி அடிக்கவேண்டும் என்று சின்னபொண்ணு சொல்லிவிட்டாள்.

"அப்ப நீ ஜல்தி போய்ச் சேரு. மொத மணியே ஒனக்கு அடிச்சிடலாம்" என்றாள் கோவிந்தம்மாள்.

கூட்டம் சிரித்தது. சின்னபொண்ணு சிரிக்கவில்லை. அண்டாவைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள். அவள் தூக்கியதைப் பார்த்து இன்னொருத்தி தன் குடத்தின்மேல் கைவைத்தாள். குவியல் கரைய ஆரம்பித்தது. உள்ளே பாயில் கிடந்த பெரியப்பா, என்னடி சத்தம் என்று கேட்டார்.

பெரியம்மா உள்ளே போனாள். பெரியப்பா ஜங்ஷனில் கரி உடைத்த சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். தன் குடத்தைப் படுக்கவைத்து, பெயர் இருந்த இடத்தைப் பார்த்து ஓங்கினாள்.

'குடம் சிதறியது' என்று முதலில் எழுதினேன். அம்மா சிரித்தாள். பித்தளை என்ன மண்பானையா, சிதற? நசுங்கும், மடியும், அப்புறம்தான் கிழியும். செண்பகம் என்ற பெயர் மடிப்புக்குள் போய்விட்டது.

"பேரு இருக்கறதாலதான ஒன்னுது என்னுதுன்னு வருது. இனிமே இது யாருதும் இல்ல. மணியோடது" என்றாள்.

கோவிந்தம்மாள் சொம்பை நீட்டினாள். சின்னபொண்ணே தன் அண்டாவைக் கீழே வைத்து, சம்மட்டியைக் கேட்டு வாங்கி, தானே அடித்தாள். சாயங்காலம் வரைக்கும் அந்தச் சத்தம். உள்ளே இருந்து பெரியப்பா ஒவ்வொரு அடிக்கும், இது கோவிந்தம்மா சொம்பு, இது அண்டா என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாதி தப்பு என்றாள் அம்மா.

[இந்த இடத்தை மறக்கவேண்டாம். ஒரு பொய்யான முடிவுக்கு இது பிறகு உதவப்போகிறது.]

5

சாவடியில் ஓர் அதிகாரி வேண்டும். பாண்டுரங்கன் என்று பெயர் வைத்தேன். முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசையும் கையில் பிரம்பும் கொடுத்தேன். வண்டியை மறிக்கிறார், பெரியம்மாவைச் சாதி சொல்லித் திட்டுகிறார், பித்தளையை எட்டி உதைக்கிறார். எழுத எழுத எனக்குக் கை பரபரத்தது. அவ்வளவு கோபம் எனக்குள் தயாராக இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்பிடியெல்லாம் இல்லடி. பாவம், வயித்து வலிக்காரரு. இஞ்சிய மென்னுக்கினே பேசினாரு. நல்ல மனுசன்."

அம்மாவும் அன்றைக்கு அந்த வண்டியில் போனவள். அப்போதுதான் அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. ஆகவே நான் மீசையை எடுத்துவிட வேண்டியதாயிற்று. இஞ்சியைக் கொடுத்தேன். நல்லவர் வந்ததும் எனக்கு எழுதவே பிடிக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் கதை அவன் கழுத்தைப் பிடித்ததோடு முடிந்திருக்கும்.

பாண்டுரங்கன் வைக்கோலை விலக்கிப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். மணி வார்க்க என்று மண்ணாங்கட்டி சொன்னார். பாண்டுரங்கன் இஞ்சியை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"மணியா இருந்தா மணின்னு சொல்லி விடலாம். பாத்திரமா இருந்தா பாத்திரம்னு விடலாம். இது ரெண்டும் இல்லையே. இது வெறும் ஒலோகம். ஒலோகம் போவக்கூடாதுன்னு ஆர்டர் வந்திருக்குது. சண்டைக்கு வேணும்."

"எங்களுக்கும் வேணுங்க" என்றாள் பெரியம்மா.

"அந்தப் பக்கம் போனா யார் கையில சேருமோ, குண்டாயி திரும்பி வரும்மா."

"மணியாயிதாங்க திரும்பி வரும்."

அவர் சிரித்தாராம். கேலியாக இல்லை என்கிறாள் அம்மா. வெயிலில் வந்தவர்கள் என்று தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஓர் ஆள் சொம்பை உயரத் தூக்கி ஊற்ற, இவர்கள் குனிந்து கையேந்திக் குடித்தார்கள். நல்ல மனுசன் கொடுத்த தண்ணீரும் கையில்தான். அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

வண்டியிலிருந்து பித்தளையை இறக்கி எடைபோட்டார்கள். பெரியம்மா பக்கத்திலேயே நின்றாள். எடை போட்டு முடிந்ததும் பாண்டுரங்கன் அவளிடம், மனம் கேட்காமல் சொன்ன மாதிரி, ஒன்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் தெரு இன்றைக்கு வேறு தெருவாக இருந்திருக்கும்.

"முழுசா கொண்டாந்திருந்தீங்கன்னா, ஆளுக்கு ஒண்ணா தலையில வெச்சிக்கினு நடந்திருந்தீங்கன்னா, சீர்ப் பாத்திரம்னு கண்ண மூடிக்கினு விட்டிருப்பேனே. ஒடச்சிக் கொண்டாந்துட்டீங்களே, ஏம்மா?"

* பொருளாதாரம் படித்தவள் என்ற முறையில் ஒரு குறிப்பு. ஒரு பித்தளைக் குடம் நாட்டுப் பாதுகாப்புக்கு அவசியமில்லை. அதே குடம் நசுங்கினால் அவசியம். குடமாக இருந்தவரை அது ஒரு பெண்ணுடையது, நசுங்கியதும் நாட்டுடையது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். எங்கள் தெரு ஆட்கள் அதுவரை அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. சாவடியில்தான் முதன்முதலில் பார்த்தார்கள். அது இஞ்சி மென்றுகொண்டிருந்தது.

6

வெறும் வண்டி திரும்பி வந்தது. பாயில் கிடந்தவர் கேட்டார்:

"வாத்தாச்சா?"

என்ன சொல்வதென்று வண்டியிலேயே பேசிவைத்திருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை. பெரியம்மா வாயில் வந்ததைச் சொன்னாள். வாத்தாச்சி. பெரிய மணி. ஆறணும். ஜல்தி எடுத்தா விரிசல் வுட்டுடுமாம்.

பெரியப்பா சந்தோஷப்பட்டார். ஆமாம், எஞ்சின் இரும்பே ஆற நாளாகும் என்றார். அன்றிலிருந்து தினமும் கண் திறந்ததும் அதே கேள்வி.

"ஆறிச்சா?"

"ஆறிக்கினே இருக்குது."

தெருவே அந்தப் பொய்யைச் சுமந்தது. பார்க்க வருகிறவர்களிடமும் கேட்பார். மண்ணாங்கட்டி ஒருநாள் அழுகையை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் சூடு இருக்குது மச்சான் என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டார். ஊர்த்தெருவில் மணி அடித்தபிறகுதான் ஒப்பாரி ஆரம்பிக்கும். அதே மாதிரி தனக்கும் வேண்டும். மணி அடிக்கும் முன் ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது. சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

இதுவரை எழுதிவிட்டு நான் பெரியம்மாவிடம் போனேன். அவள் இருக்கிறாள், தெருக் கோடியில், இப்போதும் கூலிக்குப் போகிறாள். முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாதத்தோடுதான் போயிருந்தேன். முழுசாகக் கொண்டுபோயிருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா பெரியம்மா? சேரிப் பெண்கள் வரிசையாகப் பித்தளையைத் தலையில் வைத்துக்கொண்டு போனால் திருட்டு மால் என்று பிடித்திருப்பார்கள். உடைத்ததால் ஒன்றும் கெடவில்லை. எப்படியும் போயிருக்கும்.

இதைச் சொல்லத்தான் நான் பி.ஏ. படித்தேன் என்றுகூட வரும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"பேரு இருந்திருக்குமேடி."

எனக்குப் புரியவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த அஞ்சு எழுத்த இருட்டுல தடவியே சொல்லுவேன். திருடின்னு சொன்னா, இந்தாங்க, இது நானுன்னு காட்டியிருப்பேன். எல்லாத்தயும் மொதல்ல பேரு மேலயே அடிக்கச் சொன்னேன்."

எனக்கு வந்தது கோபம்தான். சட்டம் போட்டவனுக்கு இல்லாத குற்றம், மணி அடிக்காதவனுக்கு இல்லாத குற்றம், உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து, பூ விழாத கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"அவங்கள நான் எங்க பாத்தேன். சம்மட்டி எங்கையிலதான இருந்துச்சி."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்: இதனால்தான் தெருவில் யாரும் பெயர் வெட்டுவதில்லையா? அம்மா ஆமாம் என்றாள். யாரும் கூடிப்பேசி முடிவு செய்யவில்லை. அடுத்த கல்யாணத்தில் ஒரு பெண் பெயர் வெட்டாத குடத்தோடு வந்தாள், அப்புறம் எல்லாருமே அப்படி. "அக்கா கண்ணுல பேரு படவேணாம்னுதான்." முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு தெரு முழுக்க, ஒருத்தியின் கண்ணில் படாமல் இருப்பதற்காக, தன் பாத்திரத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது என் குடமும் அதில் ஒன்று.

7

முடிவுகள். எழுதி அடித்தவை.

அந்தப் பித்தளை தோட்டாவாகிப் பர்மாக் காட்டில் வெடித்தது. கோயில்பிள்ளை அடிக்காத மணியை யாரோ ஒரு சிப்பாய் அடித்தான். — எனக்கு எப்படித் தெரியும்? சாவடிக் கொட்டகை மூலையில் மக்கிப்போயிருக்கலாம். யாராவது ஏலத்தில் எடுத்திருக்கலாம். எங்கே போனது என்று எங்கள் தெருவில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தோட்டா என்று எழுதினால் கதை பெரிய கதை மாதிரி ஆகிவிடும். அதற்காகப் பொய் சொல்ல முடியாது.

இன்னொன்று. பாத்திரங்களை உடைத்தபோது எழுந்த அந்தச் சத்தம்தான் பெரியப்பாவின் மணி, அவர் அதைக் கேட்டுவிட்டார், மணி அடிக்கப்பட்டுவிட்டது. — ரொம்ப அழகாக வந்தது. அதனாலேயே கிழித்தேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல கதை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவீர்கள். மணி இல்லை என்பது இல்லாமலே போய்விடும். தவிர, பாதி தப்பு என்று அம்மா சொன்னாளே, பாதியைச் சரியாகக் கண்டுபிடித்தவருக்குத் தேவைப்பட்டது மணி, புதிர் விளையாட்டு இல்லை.

இன்னொன்று. காலம் மாறிவிட்டது, இப்போது பெரிய மணி எல்லோருக்கும் பொது. — பொதுதான். எங்கள் தெருவில் யாராவது இறந்தால் அன்றைக்கு மட்டும் கோயில்பிள்ளைக்குத் தோள்வலி வந்துவிடும். போன மாசம்கூட வந்தது.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவணி மாதம் மண்ணாங்கட்டி திண்டிவனத்திலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். புதுச்சேரிக்காரர்கள் நம் பக்கமே சேர்ந்துவிட்டார்களாம். அவ்வளவுதான், சந்தேகம் தீர்ந்தது. பெரியம்மா மறுநாள் விடிகாலையிலேயே தனியாக நடந்து சாவடிக்குப் போனாள். பாண்டுரங்கன் அவளை மறக்கவில்லை. மால் மேலிடத்துக்குப் போயிருக்கிறது, நான் எழுதுகிறேன், இனிமேல் தடையில்லை, திரும்பி வந்துவிடும் என்றார். நம்பித்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன். அவரைக் கெட்டவராக்கும் ஆசை எனக்கு எப்போதோ போய்விட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரியம்மா சாவடியில் நின்றிருந்த அதே மத்தியானம், பெரியப்பா அம்மாவைப் பார்த்து "ஆறிச்சா?" என்று கேட்டார். அம்மா வழக்கமான பதிலைச் சொன்னாள். அதைக் கேட்டாரா என்று தெரியாது. போய்விட்டார்.

வீடு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை. மணி அடித்தபிறகுதான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மணி இல்லை. மணி இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று அந்த வீட்டில் ஒருத்திக்கும் தெரியவில்லை. கோவிந்தம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். சின்னபொண்ணும் அப்படியே. மண்ணாங்கட்டி பெரியம்மாவுக்குச் சொல்ல ரோட்டு வழியாக ஓடினார். அவள் குறுக்கே ஏரிக்கரை வழியாக வந்துவிட்டாள்.

அம்மா வாசலில் நின்று அவள் வருவதைப் பார்த்தாள். பிறகு நடந்ததையும் பார்த்தாள். பஸ்ஸில் அதை எனக்குச் சொன்னாள். நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கனவே ஒருமுறை அந்த வீட்டுக்குள் ஒருவரைச் சிரிக்கச் சிரிக்க நுழையவிட்டேன், மூன்றாம் பகுதியில். இன்னொருமுறை என்னால் ஆகாது. அவளை ஏரிக்கரையிலேயே நிறுத்திவிட்டேன்.

ஆனால் நான் நிறுத்தினால் அவள் நிற்கிறவள் இல்லை. நாள் முழுக்க நடந்த கால். சாயங்கால வெயில் தண்ணீரில் விழுந்து அவள் முகத்தில் ஆடுகிறது. தூரத்தில் தெரு தெரிகிறது. வாசலில் நாலு பேர் நிற்பது தெரிகிறது. காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது, ஒரு சத்தமும் கொண்டுவரவில்லை. இத்தனை நாள் ஆறிக்கினே இருக்குது, ஆறிக்கினே இருக்குது என்று சொன்னவள், இனிமேல் பொய் சொல்லவேண்டியதில்லை. உள்ளே போனதும் என்ன சொல்லவேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.

"ஆறிடுச்சிங்க. வந்துடும்."

இதை எழுதுகிற என் குரல் அவளுக்கு எட்டாது. எங்கள் தெருவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மணி கோயிலில் இருக்கிறது, கயிறு கோயில்பிள்ளையிடம் இருக்கிறது, பித்தளை நாட்டிடம் இருக்கிறது. மிச்சம் இருப்பது நீங்கள்தான். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு கரையோரமாகத்தான் நின்றிருக்கிறீர்கள். அவள் உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.

வருகிறாள். சிரித்துக்கொண்டு வருகிறாள். சொல்வதென்றால் இங்கேயே சொல்லிவிடுங்கள், வீட்டுக்குள் போவதற்கு முன்னால்.